ஹார்பர் லைனில் ஒரு கடற்படை வரலாறு

கோவண்டியிலிருந்து சி.எஸ்.எம்.டி. போகும் ஹார்பர் லைன் ரயில் செம்பூர், குர்லா, வடாலா, சிவ்ரி என்று நகரத்தின் கிழக்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெற்கே இறங்குகிறது. ரே ரோடு நிலையத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருப்பது தாருக்கானா. பழைய கப்பல்களை அறுத்து இரும்பாக விற்கிற இடம் அது. அடுத்த நிலையம் டாக்யார்டு ரோடு. அதன் பக்கத்தில் மஜ்காவ் டாக். இந்தியக் கடற்படையின் நாசகாரிக் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் அங்கே உருவாகின்றன. ரயில் முடிகிற இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடற்படையின் டாக்யார்டு. அடிபட்டும் தேய்ந்தும் வருகிற கப்பல்களைச் செப்பனிட்டுத் திருப்பி அனுப்புகிற இடம். கட்டுவது, காப்பது, உடைப்பது என்ற மூன்று தொழிலும் ஒரே ரயில் பாதையின் ஓரத்தில் இருக்கின்றன. கடற்படை வரலாறு என்று நாம் படிப்பதில் இந்த மூன்றுக்கும் இடம் குறைவு. கடாரம் கொண்ட சோழனின் படையெடுப்பு, சென்னையில் குண்டு போட்ட எம்டன் என்று நம் நினைவில் நிற்பவை எல்லாம் கடலில் நடந்தவை. இன்றும் எந்த நாட்டிடம் எத்தனை கப்பல் என்று எண்ணித்தான் பலத்தைச் சொல்கிறோம். மும்பைத் துறைமுகத்தின் கதையைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கணக்கு போதாது என்று தெரிகிறது. கப்பலைக் கட்டி, அதை மிதக்க வைத்து, கடைசியில் பிரித்துப் போடுகிற கைகளிடமே கடற்படையின் பலம் தங்கியிருக்கிறது. அந்தக் கைகளுக்கு வேலை தொடர்ந்து கிடைக்கிறதா, அந்த வேலைக்கு உத்தரவு போடுகிறவர் யார் என்ற இரண்டு கேள்விகளுமே ஒரு கடற்படையின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனி 1736-இல் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரைப் பம்பாய்க்கு அழைத்துவந்தது. அன்றைக்குக் கொங்கணக் கரை கம்பெனிக்குப் பாதுகாப்பான கடல் இல்லை. கான்ஹோஜி ஆங்கிரே கட்டியெழுப்பிய மராத்தியக் கப்பற்படை அதன் வணிகக் கப்பல்களை மறித்துக்கொண்டிருந்த காலம். பம்பாயில் 1750-இல் உலர்துறை அமைந்தது. ஆசியாவில் இவ்வகையில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். உலர்துறை என்பது கப்பலை உள்ளே விட்டு, வாயிலை அடைத்து, நீரை வெளியேற்றி, கப்பலின் அடிப்பகுதியைத் தரையில் நின்று பார்க்க வழிசெய்யும் கல் தொட்டி. வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழுவும் ஒட்டிக்கொள்ளும் சிப்பியும் கப்பலின் வேகத்தையும் ஆயுளையும் தின்றுவிடும். பருவமழைக் காலத்தில் கப்பலை ஏற்றி வைத்து அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய முடிந்தவன் அடுத்த பருவத்தில் மற்றவனை முந்தினான். 1756-இல் விஜயதுர்க்கத்தில் ஆங்கிரேக்களின் கப்பற்படை எரிந்தபோது அந்த வெற்றி ஆங்கிலத் தளபதிகளான வாட்சன், கிளைவ் பெயர்களில் எழுதப்பட்டது. ஆனால் மேற்குக் கரையில் ஒரு கப்பற்படையை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கத் தேவையான உலர்துறையும் தச்சர்களும் அதற்கு முன்பே பம்பாயில் தயாராக இருந்தார்கள்.

வாடியாக்களின் பெயரை உலகம் அறியச் செய்தது தேக்கு. ஓக் மரத்தில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கில் உள்ள எண்ணெய் ஆணியைக் காக்கும், புழுவையும் அண்டவிடாது. நெப்போலியனுடன் நடந்த போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரிட்டிஷ் அரசுக் கடற்படை பம்பாயின் பக்கம் திரும்பியது. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய மிண்டன் 1810-இலும், கார்ன்வாலிஸ் 1813-இலும், வெல்லெஸ்லி 1815-இலும் கடலில் இறங்கின. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலி 1817-இல் இறங்கியது. இந்தக் கடைசிக் கப்பலின் வரைபடங்களை ஏற்றிவந்த ஜாவா என்ற போர்க்கப்பல் 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிடியூஷனிடம் தோற்று அழிந்தது. மறுபடி வரைபடம் வந்த பிறகுதான் வேலை தொடங்க முடிந்தது. அந்த டிரிங்கோமலி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் மிதக்கிறது. 1824-இல் கட்டப்பட்ட ஏஷியா, 1827-இல் நவரீனோ சண்டையில் பிரிட்டிஷ் தளபதி காட்ரிங்டனின் கொடிக்கப்பலாக நின்றது. வெல்லெஸ்லியோ 1940 வரை பயிற்சிக் கப்பலாகத் தேம்ஸ் ஆற்றில் வாழ்ந்து, ஜெர்மானிய விமானக் குண்டில்தான் மூழ்கியது. கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் போய்ச் சேர்ந்த பிறகும் கப்பல் உழைத்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். பலம் துறையில்தான் இருக்கிறது என்றால் இந்தக் கப்பல்களால் பம்பாய் ஏன் வலுப்பெறவில்லை? நியாயமான கேள்வி. 1839-இல் கராச்சியைப் பிடித்தது வெல்லெஸ்லி. அபினிப் போரில் தோற்ற சீனாவிடம் ஹாங்காங்கைப் பறித்த நான்கிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்டு 29-இல் கையெழுத்தானது கார்ன்வாலிஸின் தளத்தில். மலபார்க் காட்டு மரமும் பார்சித் தச்சரின் கணக்கும் சேர்ந்து லண்டனின் பேரரசுக்கு வேலை செய்தன. இதை வெறும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆகவே முதலில் சொன்னதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. துறை இல்லாமல் கடற்படை இல்லை. ஆனால் துறை மட்டும் இருந்தால் போதாது. என்ன கட்டுவது, யாருக்காகக் கட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் வேறொருவர் கையில் இருந்தால், தொழில்திறன் வாடகைக்கு விட்ட வீட்டைப் போல் அடுத்தவருக்கே பயன்படும். அந்த முடிவு மாறுகிற நாளில் திறனும் தெருவுக்கு வந்துவிடும். பம்பாய்க்கு அந்த நாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தது.

நீராவியும் இரும்பும் வந்ததால் மரத் தச்சர்கள் காணாமல் போனார்கள் என்று அந்த வீழ்ச்சிக்குச் சுருக்கமாக ஒரு காரணம் சொல்வது வழக்கம். சான்றுகள் அதற்கு முழுமையாக ஒத்துவரவில்லை. 1829-இல் பம்பாயில் கட்டிய ஹியூ லிண்ட்ஸே என்ற நீராவிக் கப்பல் மறு ஆண்டே சூயஸ் வரை போய்வந்தது. 1838-இல் ஜஹாங்கீர் நவ்ரோஜி, ஹீர்ஜிபாய் மெர்வான்ஜி என்ற இரண்டு வாடியா இளைஞர்கள் நீராவிக் கப்பல் தொழிலைக் கற்க இங்கிலாந்துக்கே போனார்கள். நீராவி எந்திரத்தில் தேர்ந்த அர்தசீர் கர்செட்ஜி வாடியா 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரானார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவர். புதியதைக் கற்க மறுத்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. இரும்பு உருக்கும் உலைகளும் எந்திரத் தொழிற்சாலைகளும் இங்கே வளர்வதில் ஆட்சியாளருக்கு அக்கறை இல்லை என்பதே உண்மையான தடை. ஹியூ லிண்ட்ஸேயின் எந்திரம்கூட இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். இங்கே வளர்ந்தது காட்டை வெட்டும் வேலை. ஆனைமலைத் தேக்கைப் பம்பாய் டாக்யார்டுக்கு அனுப்புவதற்காக 1848 வாக்கில் லெப்டினன்ட் மைக்கேல் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். மலையுச்சியிலிருந்து மரங்களைச் சரியவிட்ட இடம்தான் இன்று நாம் சுற்றுலா போகும் டாப்ஸ்லிப். பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே உள்ள மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடலில் மரக் கப்பலின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கம்பெனி காலத்து இந்தியக் கடற்படையே 1863-இல் கலைக்கப்பட்டது. கப்பலுக்கு உத்தரவு தருகிறவர் இல்லாமல் போனார். பம்பாய் டாக்யார்டு பழுதுபார்க்கும் இடமாகச் சுருங்கியது.

உத்தரவு யாருடையது என்ற கேள்வி மறுபடி தலைதூக்கியது 1946 பிப்ரவரி 18-இல். பம்பாயில் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் மோசமான உணவையும் அதிகாரிகளின் ஏச்சையும் எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தம், சில நாட்களில் ஏறத்தாழ 78 கப்பல்களுக்கும் 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. பிப்ரவரி 22-இல் நகரத்தின் ஆலைத் தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் நகரவாசிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். பீரங்கிகள் கப்பலில்தான் இருந்தன. அவற்றை இயக்க வேண்டியவர்கள் மறுத்தவுடன் பேரரசின் கடல்பலம் சில நாட்கள் செயலற்றுக் கிடந்தது. சுதந்திரம் வந்த பின் அரசு செய்தவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று, 1960-இல் மஜ்காவ் டாக்கைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சிறிய உலர்துறையாகத் தொடங்கிய அந்தத் தளத்தில், பிரிட்டனின் லியாண்டர் வகையைப் பின்பற்றிய நீலகிரி என்ற போர்க்கப்பல் 1968 அக்டோபரில் நீரில் இறங்கி, 1972 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது. தொடர்ந்து ஐந்து கப்பல்கள். வரிசையில் கடைசியான தாராகிரியும் விந்தியகிரியும் பெரிய சீ கிங் ஹெலிகாப்டரைச் சுமக்கும்படி மாற்றப்பட்டிருந்தன. ஒரே தளத்தில் ஆறு முறை கட்டியதால், பிறர் தந்த வரைபடத்தைத் திருத்தும் துணிச்சல் வந்தது. அடுத்து 1983-இல் சேர்ந்த கோதாவரி இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. இந்தியக் கடற்படை தன் பெரிய வெற்றியை 1971-இல் பெற்றது வாங்கிய கப்பல்களைக் கொண்டுதான். டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கியவை சோவியத் ஏவுகணைப் படகுகள். கிழக்கே காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய விமானங்கள் புறப்பட்டது பிரிட்டனில் கட்டிய விக்ராந்திலிருந்து. பிறகு ஏன் உள்ளூர்த் துறையைப் போற்ற வேண்டும்? அந்தக் கப்பல்களின் கதையை உள்ளே போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். ஏவுகணைப் படகுகள் கரையைக் காப்பதற்கென்று செய்யப்பட்டவை. எரிபொருள் கராச்சிவரை போய்த் திரும்பப் போதாது. அவற்றைப் பெரிய கப்பல்களில் கட்டி இழுத்துச் சென்று, இலக்கை நெருங்கியபின் அவிழ்த்துவிடும் முறையை இங்கே பழகித்தான் அந்தத் தாக்குதல் சாத்தியமானது. விக்ராந்தின் கொதிகலன்களில் 1970-இல் விரிசல் கண்டது. போர் வரும் வேளையில் அதை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சீர்செய்ய நேரமில்லை. பம்பாயில் கொதிகலன்களுக்கு எஃகுப் பட்டை கட்டி, குறைந்த நீராவியிலும் குறைந்த வேகத்திலும் விமானங்களை ஏற்றி இறக்க வழி கண்டார்கள். அந்த வேலை நடக்காமல் போயிருந்தால் அந்த விமானந்தாங்கி போர் முடியும்வரை துறையில் கட்டப்பட்டே கிடந்திருக்கும்.

உலக வரலாறும் இதையே சொல்கிறது. 1905-இல் சுஷிமா நீரிணையில் ரஷ்யாவை ஜப்பான் முறியடித்தபோது, தளபதி டோகோவின் மிகாசா இங்கிலாந்தில் கட்டப்பட்ட கப்பல். ரஷ்யக் கப்பல்களோ பெரும்பாலும் சொந்த நாட்டில் கட்டியவை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. ரஷ்யப் படை பால்டிக் கடலிலிருந்து பாதி உலகைச் சுற்றி, வழியில் தங்கிச் செப்பனிட ஒரு தளம்கூட இல்லாமல், அடிப்பாகத்தில் பாசி மண்டிய கப்பல்களோடு தள்ளாடி வந்து சேர்ந்தது. ஜப்பானியர் 1865-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் வெர்னியைக் கொண்டு யோகோசுகா தளத்தைத் தொடங்கியிருந்தார்கள். சண்டைக்கு முன் அவர்களின் கப்பல்கள் சொந்தத் துறைகளில் ஓய்வெடுத்துச் செப்பனிடப்பட்டு நின்றன. போருக்குப் பின் டோகோ, யோகோசுகாவுக்கு வித்திட்ட ஒகுரி என்ற பழைய ஆட்சி அதிகாரியின் குடும்பத்தாரை அழைத்து நன்றி சொன்னார். கப்பலை விலைக்கு வாங்கலாம். அதைச் சண்டை நாளில் சண்டைக்கு ஏற்றதாக வைத்திருக்கும் திறனை உள்ளூரில்தான் வளர்க்க முடியும்.

இன்னொரு மறுப்பு செலவைப் பற்றியது. உள்நாட்டுத் தளங்கள் தாமதிக்கின்றன, விலை ஏறுகிறது, வாங்குவதே லாபம் என்பார்கள். தாமதம் உண்மைதான், அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மன் நிறுவனத்தின் உதவியோடு மஜ்காவ் டாக்கில் கட்டிய ஷல்கி 1992-இல் கடற்படையில் சேர்ந்தது. இந்தியாவில் கட்டிய முதல் நீர்மூழ்கி அது. 1994-இல் ஷங்குல் சேர்ந்தது. கொள்முதலில் ஊழல் என்ற குற்றச்சாட்டு கிளம்பியதால் அந்த வரிசை அத்தோடு நின்றது. நீர்மூழ்கியின் உடற்கூட்டை வெல்டிங் செய்வது சாதாரண வெல்டருக்குக் கைவராத வேலை. ஒரு சிறு குறை ஆழத்தில் எல்லோரின் உயிரையும் வாங்கிவிடும். அதற்கென்று பழகிய கைகள் வேறு வேலைகளுக்குக் கலைந்துபோயின. பிரெஞ்சு வடிவமைப்பில் ஆறு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் 2005-இல்தான் கையெழுத்தானது. முதலாவதான கல்வரி 2017 டிசம்பரில் சேர்ந்தது. கடைசியான வக்‌ஷீர் 2025 ஜனவரி 15-இல், சூரத் நாசகாரிக் கப்பலோடும் புதிய நீலகிரியோடும் ஒரே நாளில் மும்பையில் சேர்ந்தது. இடைவெளியில் இழந்ததை மறுபடி கற்கச் செலவான காலமும் பணமும்தான் தாமதம் என்ற பெயரில் கணக்கில் வருகின்றன. 1863-இல் கப்பற்படையைக் கலைத்தபோது வாடியா பட்டறைக்கு நடந்ததே, ஊழல் பயத்தால் வேலையை நிறுத்தியபோது சிறிய அளவில் மறுபடி நடந்தது. குற்றம் செய்தவரைத் தண்டிக்க வேண்டும்; அதற்காகப் பட்டறையைப் பூட்டினால் தண்டனை தொழிலுக்குப் போய்ச் சேருகிறது.

கப்பலின் இதயம் இன்னும் வெளியிலிருந்துதான் வருகிறது என்பதும் மறுக்க முடியாத உண்மை. மஜ்காவ் டாக்கில் கட்டிய டெல்லி, கொல்கத்தா, விசாகப்பட்டினம் வகை நாசகாரிக் கப்பல்களை ஓட்டுவது உக்ரைனில் செய்த கேஸ் டர்பைன்கள். ஹியூ லிண்ட்ஸேக்கு இங்கிலாந்து எந்திரம் வந்த நிலை நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளில் முற்றிலும் மாறிவிடவில்லை. மாறிய இடம் ஒன்று கோவண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2016-இல் கடற்படையில் சேர்ந்த அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கியின் உலையை வடிவமைத்தது டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம்; அதன் மாதிரி உலையை நிலத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தது கல்பாக்கத்தில். அந்த மையத்துக்காக 1976 மே மாதம் ஜனதா காலனி என்ற குடியிருப்பு இடிக்கப்பட்டு, தமிழர்கள் உட்படப் பல்லாயிரம் பேர் இன்றைய சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டதையும் அந்தச் சாதனையோடு சேர்த்தே எழுத வேண்டும். கடல்பலத்துக்கான விலையைக் கடலுக்கே போகாதவர்களும் கொடுக்கிறார்கள்.

இந்த விலை மிகத் தெளிவாகத் தெரிவது கப்பலின் கடைசி நாட்களில். 1997-இல் ஓய்வுபெற்ற விக்ராந்த் சில காலம் அருங்காட்சியகமாக இருந்து, 2014-இல் ஏறத்தாழ 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், தாருக்கானாவில் பிரிக்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாக மாறி விளம்பரமும் ஆனது. அதை அறுத்தவர்களைப் பற்றி யாரும் விளம்பரம் செய்யவில்லை. தாருக்கானாவை ஒட்டிய கவுலா பந்தரில் முதலில் குடியேறியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கேஸ் கட்டரோடு கப்பலுக்குள் இறங்குகிறவர் எதிர்கொள்பவை எஞ்சிய எண்ணெய், நச்சுக் காற்று, பழைய பெயின்ட், குழாய்களைச் சுற்றிய கல்நார். போர்க்கப்பலில் அறைகள் நெருக்கமானவை, கல்நார் அதிகம். இந்த அபாயத்தைப் பணக்கார நாடுகள் நன்றாகவே அறியும். பிரான்சின் கிளமென்சோ விமானந்தாங்கி 2005 கடைசியில் உடைப்பதற்காகக் குஜராத்தில் உள்ள ஆலங் நோக்கிப் புறப்பட்டது. கல்நார் பற்றிய எதிர்ப்பும் இந்திய உச்ச நீதிமன்ற வழக்கும் சேர்ந்ததால் 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் ஜாக் ஷிராக் அதைத் திரும்ப அழைத்தார். கடைசியில் அது உடைக்கப்பட்டது டிரிங்கோமலி நிற்கும் அதே ஹார்ட்லிபூலில். அதன் இணைக் கப்பலை வாங்கி வைத்திருந்த பிரேசில், ஏற்கும் துறை கிடைக்காமல் 2023 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலில் மூழ்கடித்தது. உடைக்க இடம் இல்லாத கடற்படையின் நிலை அதுதான்.

உடைப்பதைக் கடற்படை வரலாற்றோடு சேர்ப்பது உணர்ச்சிவசப்பட்ட வாதம் என்று சிலர் நினைக்கலாம். விற்ற பிறகு அது பழைய இரும்பு வியாபாரம்தானே என்பார்கள். ஆனால் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 2019-இல் இந்தியா இயற்றிய கப்பல் மறுசுழற்சிச் சட்டமும், 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த, அதே நோக்கத்துக்கான சர்வதேச ஹாங்காங் உடன்படிக்கையும் போர்க்கப்பல்களுக்குப் பொருந்தா. வணிகக் கப்பலை உடைக்க நச்சுப் பொருள் பட்டியலும் அனுமதியும் கேட்கிற விதி, அதைவிட நச்சு மிகுந்த கப்பலை விட்டுவிடுகிறது. அரசுக்குச் சொந்தமானது என்ற காரணம் இந்த விலக்கைக் காட்டிலும் பெரிய பொறுப்பையே தர வேண்டும். கப்பல் கட்டுமுன் எஃகின் தரத்தைச் சோதிக்கிற கடற்படை, அதே எஃகை அறுக்கிறவரின் நுரையீரலையும் தன் கணக்கில் எழுத வேண்டும். ஒவ்வொரு போர்க்கப்பலும் ஏலத்துக்குப் போகுமுன் அதிலுள்ள கல்நாரின் பட்டியல் வெளியாக வேண்டும். அதை அகற்றும் செலவு ஏல விலையிலிருந்து ஒதுக்கப்பட வேண்டும். மஜ்காவ் டாக்குக்கு இடைவெளியில்லாத வேலையும் தாருக்கானாவுக்குச் சட்டத்தின் காப்பும் கிடைத்தால், இந்தியாவிடம் எத்தனை கப்பல்கள் என்ற கேள்வி தானாகவே இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.